தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் பொடி

கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் விடிவதற்குள் வந்து வரிசையில் நிற்பவர்களில் பலர் விழுப்புரம், கடலூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தினர். சிறுநீர்த் தொற்றோ, அறுவை செய்த புண்ணோ ஆறாமல் இழுத்தால், டாக்டர் ஒரு மருந்தை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு வெண்பன்றிப் பண்ணையில், குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டதும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பொடி கலக்கப்படுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பன்றியின் குடலில் கோடிக்கணக்கான ஈ.கோலை பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் மருந்துக்கு மசியாத சில எப்போதும் இருக்கும். அரைகுறை அளவில் பல நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மற்றவை செத்து, இவை மட்டும் பெருகும். ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அடித்த வயலில் என்ன நடக்கிறதோ, அதேதான். ஆனால் இது களையைவிட மோசம். கோரை தன் எதிர்ப்புத் திறனை அருகம்புல்லுக்குத் தூக்கிக் கொடுக்காது, பாக்டீரியா கொடுக்கும். வேறு இனமாக இருந்தாலும் அந்த மரபணுத் துண்டைக் கைமாற்றிவிடும்.

2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். கொலிஸ்டினைப் பலிக்கவிடாத எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கிடைத்தது. வேறெதுவும் வேலை செய்யாதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கையில் எடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதைத்தான் பன்றிக்கு எடை கூட்டத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2017இல் சீனா அதை நிறுத்தியது. நம் நாட்டில் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்கான கால்நடைகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்மம் அனைத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. யாராவது அது கலந்த பாக்கெட்டை நீட்டினால், லேபிளைப் படித்துத் திருப்பிக் கொடுங்கள்.

பண்ணையாளரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள். தாயிடமிருந்து பிரித்த வாரத்தில் நான்கு செத்தால் அந்த ஈற்றில் லாபம் போயிற்று. கால்நடை மருத்துவர் வர மதியமாகும், மருந்துக் கடை காலையிலேயே திறந்திருக்கும். பல இடங்களில் சீட்டு கேட்பதும் இல்லை. கழிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு, பயத்தில் மாதம் முழுக்கக் கலப்பவர்களும் உண்டு. காய்ச்சலில் படுத்த பன்றிக்கும் அதே பொடிதான். பன்றிக் காய்ச்சலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் வைரஸ் நோய்கள்; ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. முன்னதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பின்னது வராமல் காக்க, ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்துப் போட வேண்டும்.

டென்மார்க்கில் பன்றி பெரிய தொழில். அங்கே 1995இல் கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்ப்பதற்கு அரசு கடிவாளம் போட்டது. 2000க்குள் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதும் நின்றது. முதலில் சில காலம் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, அதை மறைப்பதற்கில்லை. கொட்டகையையும் தீவனத்தையும் சரிசெய்து சமாளித்தார்கள், தொழில் படுத்துவிடவில்லை. நாமும் பிறந்த சில மணி நேரத்தில் சீம்பால், முதல் வாரத்தில் இரும்புச்சத்து ஊசி, அவசரப்படாமல் ஆறு முதல் எட்டு வாரத்தில் பிரித்தல், ஒரு தொகுதி போனதும் தரையைக் கழுவி உலரவிடுதல் என்று செய்தாலே பொடிக்குப் பாதி வேலை இல்லை.

நான் உழவியல் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்லன். என் கவலை எருவில்தான். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளில் பெரும்பகுதி பன்றியின் உடம்பில் மாறாமல் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறிவிடும். கூடவே மருந்துக்கு மசியாத பாக்டீரியாவும் வரும். அதைப் பச்சையாக அள்ளிக் கீரைப் பாத்தியில் போட்டால், அந்தக் கீரை மறுநாள் சந்தைக்குப் போகிறது. கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரிக்கும் இதே கதைதான். மண்ணைத் தொடும் காய்க்கும் பச்சை எருவுக்கும் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கீரைக்கு அது நடக்காத காரியம். ஆகவே கீரைக்குப் பச்சை எரு வேண்டவே வேண்டாம். சவுக்குக்கும் தென்னைக்கும் போகட்டும்.

மட்கவைத்தால் நிலைமை மாறும். பன்றிச் சாணத்தில் தழைச்சத்தும் ஈரமும் அதிகம். தனியாகக் குவித்தால் நாறுமே தவிர சூடேறாது. வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு இவற்றில் கிடைப்பதைக் கலந்து இடுப்புயரம் குவியுங்கள். உள்ளே 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகிச் சற்றுப் பொறுத்து உருவிப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சரி. பிறகு இரண்டு மாதம் ஆறவிடலாம். எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாமே இதில் அழியும் என்று சொல்ல மாட்டேன். நோய்க்கிருமிகளும் மருந்து எச்சமும் பெருமளவு குறையும். கழுவுநீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

புதுச்சேரி அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று சோதித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்த கட்டணத்தில் சிறு பண்ணையாளருக்கும் முடிவு கிடைக்க ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் ‘கடையில் வாங்காதே’ என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சோதனைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பே, கழியும் குட்டியிடமிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.