பளபளப்பைத் தின்னும் பாட்டில்

மரியன்னை பேராலயத் திருவிழாவோ, ரம்ஜானோ, பொங்கலோ, பெங்களூரு சிவாஜிநகரில் எந்தப் பண்டிகை வந்தாலும் முதல் வேலை வீடு கழுவுவதுதான். துடைப்பத்துக்கு மசியாத கறை என்றால் கழிவறை மூலையில் இருக்கும் ஆசிட் பாட்டில் கூடத்துக்கு வந்துவிடுகிறது. ஊற்றியதும் தரை நுரைக்கிறது. அழுக்கு போகிறது என்று வீட்டுக்காரருக்குத் திருப்தி. உண்மையில் போய்க்கொண்டிருப்பது தரை.

பழைய வீடுகளில் பதித்திருக்கும் கறுப்புக் கடப்பைக் கல்லும் சாம்பல் நிற ஷாபாத் கல்லும் சுண்ணாம்புக் கல் வகை. கடப்பையிலும், ஷாபாத் இருக்கும் கலபுரகி மாவட்டத்திலும் சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கு இந்தக் கல்வளமே காரணம். பளிங்கும் இதே குடும்பம். மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் அது கரையும். நுரையாகக் கிளம்புவது கரியமில வாயு. 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதாவின் கிரானைட் வேறு சாதி. அது எளிதில் கரையாது. இரண்டையும் ஒரே மாதிரி கழுவுவதில்தான் கோளாறு.

போர்வெல் தண்ணீர் காய்ந்த இடத்தில் படியும் வெள்ளைத் திட்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். எனவே திட்டைக் கரைக்கும் ஆசிட் அடியில் உள்ள கல்லையும் விடாது. ஈரத்தை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே வழி.

சமையல் மேடைக்கும் இதே விதி. எலுமிச்சை, புளிக்கரைசல், வினிகர் சிந்திக் கிடந்தால் கடப்பைக் கல்லில் மங்கிய தழும்பு விழும். அது கறை அல்ல, அரிப்பு. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு.

என்ன கல் என்று தெரியவில்லையா? கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கலாம். அந்த இடம் மங்கினால் சுண்ணாம்பு வகை.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. முதலில் மெல்லிய துடைப்பத்தால் மணலைப் பெருக்க வேண்டும். மணலில் உள்ள குவார்ட்ஸ் பளிங்கைவிடக் கடினம். காலடியில் அரைபட்டுக் கீறும். பிறகு காரமோ புளிப்போ இல்லாத சோப்பைக் கொஞ்சம் கலந்த தண்ணீர், கடைசியில் உலர்ந்த துணி. எண்ணெய் இறங்கியிருந்தால் முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, பாலிதீன் தாளால் ஒரு நாள் மூடி வைத்து, பிறகு திறந்து காயவிட்டு எடுக்கலாம். கறை ஓரளவு ஏறி வரும். தாஜ்மஹாலின் மஞ்சள் படிந்த பளிங்குக்குத் தொல்லியல் துறை 1994 முதல் பலமுறை செய்த வைத்தியமும் இந்த மண்பூச்சுதான்.

தரையைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். தேய்ந்த கல்லுக்குப் பாலிஷ் போடலாம், நுரையீரலுக்கு முடியாது.