புல்லுக்கு அடிமையாதல் தகுமோ?

புற்றரை என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் செல்வச் செருக்கில் வளர்ந்த வழக்கம். விளைநிலத்தைப் பயிரிடாது பசும்புல்லாக விட்டுவைக்கவும், ஆட்களைக் கொண்டு அதனை ஒட்ட அறுப்பிக்கவும் அவர்களுக்கே இயன்றது. 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பார் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்த பின்னர், அவ்வாடம்பரம் நடுத்தர மக்களின் வீட்டு வாசலுக்கும் மெல்ல வந்தது. இன்று வட அமெரிக்காவில் அது கடமையாகவே ஆகிவிட்டது.

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள ரொறன்ரோ நகரையே எடுத்துக்கொள்வோம். முற்றத்திலே புல் தலைகாட்டினால் அதனைச் செருக்கியெறிந்து, மணல் தெரியக் கூட்டி வைப்பதே வீட்டுக்கு அழகு என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கோ, கோடை வந்துவிட்டால், வாரமெல்லாம் உழைத்துக் களைத்தபின் கிடைக்கும் ஓய்வுநாளையும் புல்லுக்கே கொடுக்கின்றனர். எருவிட்டு வளர்ப்பதும் அவர்களே; வளர்ந்துவிட்டதென்று வெட்டுவதும் அவர்களே! இம்முரண்பாட்டை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

பொறியைக் குறைகூறிப் பயனில்லை. மாற்ற வேண்டியது விதையை என்பதே என் கருத்து. அங்குள்ள வீடுகளில் பெரிதும் காணப்படும் கென்ரக்கி நீலப்புல், பெயரால் அமெரிக்கப் புல்லாயினும், ஐரோப்பியக் குடியேற்றக்காரர் கொண்டுவந்ததேயாகும். போதிய நீரும் நைதரசன் எருவும் இன்றேல் அதன் செழுமை குன்றும். அவற்றைக் கொடுத்தாலோ வாரந்தோறும் வெட்டவேண்டி வரும்.

இதற்கு மாறாக, நுண்ணிலைப் பெஸ்கியூ என்னும் புல்லினங்கள் உள்ளன. கடினப் பெஸ்கியூ, செம்மறிப் பெஸ்கியூ, படரும் சிவப்புப் பெஸ்கியூ என இவற்றுட் பல வகையுண்டு. மயிர்போன்ற இலைகளையுடைய இவை கடுங்குளிரையும் தாங்கும், மரநிழலிலும் வளரும், வளமற்ற நிலத்திலும் நிற்கும். வெட்டாது விட்டால் ஏறக்குறைய ஆறங்குல உயரத்தில் அலையலையாகச் சாய்ந்து கிடக்கும். கதிர்த்தண்டுகளை நீக்கக் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை வெட்டினாற் பெரும்பாலும் போதும். மிகுதியாக எருவும் நீரும் இடுவதே இவற்றுக்குக் கேடு.

குறைகளையும் கூறுதல் நேர்மை. பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு இப்புல் ஏற்றதன்று. நீர் தேங்கும் நிலத்திலும் வாழாது. ஓகஸ்ட் பிற்பகுதியிலோ செப்ரெம்பர் முற்பகுதியிலோ விதைத்து, அது செறிந்து மூடும்வரை பொறுத்திருந்து களை பிடுங்கவும் வேண்டும். அழகுக்காகக் களைநாசினி தெளிப்பதை ஒன்ராறியோ மாகாணம் 2009இல் தடைசெய்தது. ஆதலின் தொடக்கத்தில் கைவேலை தவிராது. வெண் குளோவரையும் உடன் விதைத்தால், அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பதோடு தேனீக்களுக்கும் உணவாகும்.

ஆயினும் நம்மவரைத் தடுப்பது இக்குறைகள் அல்ல. “அயலார் என்ன நினைப்பர்?” என்ற அச்சமே. வந்தேறியவர் வீட்டு வாசல் ஒழுங்கற்றது என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சியே, பலர் அயலாரினும் மிகுதியாகப் புல்லை வெட்டுகின்றனர் எனக் கருதுகிறேன். அவர்கள் ஒன்றை அறிதல் நன்று. ரொறன்ரோவில் தம் வீட்டு முன்றிலை இயற்கைத் தோட்டமாக விட்டிருந்த பெண்ணொருவர்மீது நகரசபை வழக்குத் தொடுத்தது. தோட்டத்தின் வாயிலாக இயற்கை பற்றிய தம் கொள்கையை வெளியிடுவதும் கருத்துச் சுதந்திரமே என 1996இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்நாட்டவரே கேள்விக்குள்ளாக்கிய ஒரு வழக்கத்தை, நாம் மட்டும் நாகரிகத்தின் இலக்கணமாகப் போற்றுதல் எதற்கு?

ஒரு நாட்டிற் குடியேறுவோர் அந்நாட்டின் சட்டத்தை மதித்தல் வேண்டும். அதன் மண்ணையும் குளிரையும் அறிந்து அவற்றுக்கு இயைய வாழ்தல் வேண்டும். ஆனால் அதன் பழைய பிரபுக்களின் ஆடம்பரத்துக்கும் வாரிசாக வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. மிஞ்சும் ஓய்வுநாளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு நல்ல நூலைப் படிக்கலாம். வெறுமனே மரநிழலில் அமர்ந்தும் இருக்கலாம். இவற்றுள் எதுவும் புல்வெட்டுவதினும் தாழ்ந்ததன்று.