டில்லி போடும் கணக்கு

டில்லியில் திரைப்பட விருதுகளை அறிவிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். மதுரையில் ஜோஸ்யர்களுக்குப் பஞ்சமிருக்காது. டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் ஒரு பட்டியல், மாசி வீதி முடிதிருத்தும் நிலையத்தில் இன்னொரு பட்டியல், கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் மூன்றாவது பட்டியல் என்று ஹேஷ்யங்கள் பறக்கும். சிறந்த நடிகர் யார், சிறந்த படம் எது என்பதெல்லாம் மதுரை ரசிகர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: டில்லியில் உட்கார்ந்திருப்பவர்களின் மனம். பட்டியல் வெளியாகும் அன்று மாலை, பந்தயம் கட்டிய பரோட்டாவுக்குப் பணம் எடுத்து வைப்பவர்களே அதிகம்.

"ஓரவஞ்சனை" என்று ஒரே வார்த்தையில் தோற்றவர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். ஓரவஞ்சனை நடப்பதே இல்லை என்று யாரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் தோற்றுப்போன ஹேஷ்யங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தப்பு பெரும்பாலும் கணக்கில் இருப்பது விளங்கும்.

கைதட்டல் கணக்கு

மதுரைக்குக் கைதட்டத் தெரியும். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று பெயர் வாங்கியது. அந்தக் கொட்டகை இன்று இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஏற்பட்ட ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்கே பரிசு என்று தீர்மானிக்கும் பழக்கம் அது.

சிவாஜி கணேசனுக்கு மத்திய சர்க்காரின் சிறந்த நடிகர் விருது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லையே என்று குறைப்படாத பழைய ரசிகர் மதுரையில் கிடையாது. குறை நியாயமானதே. என்றாலும் ஒரு விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. டில்லி விருதுகள் 1954ல் ஆரம்பமானபோது பரிசுகள் படங்களுக்குத்தான் கொடுக்கப்பட்டன. நடிகருக்கென்று தனி விருது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வந்தது. அதைப் பெற்றவர் வங்காளத்து உத்தம் குமார். நடிகைக்கான விருது நர்கிஸுக்குப் போயிற்று. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளியானது 1959ல். 'பாசமலர்' 1961. 'கர்ணன்' 1964. 'திருவிளையாடல்' 1965. டில்லியில் விருது என்ற பாத்திரமே வார்க்கப்படாத காலத்தில் அவர் விருந்தைச் சமைத்து வைத்துவிட்டார். கட்டபொம்மனாக நடித்ததற்கு 1960ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. அன்று கெய்ரோவில் இருந்த தராசு டில்லியில் இல்லை.

தராசு வந்த பிறகு நடந்ததற்குச் சமாதானம் சொல்வது கஷ்டம். 1968ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாக 'தில்லானா மோகனாம்பாள்' தேர்வாயிற்று. நடிகர் விருதோ 'ஆசீர்வாத்' என்ற இந்திப் படத்தில் நடித்த அசோக் குமாருக்குக் கிடைத்தது. அசோக் குமார் மட்டமான நடிகர் அல்லர். ஆனால் சிக்கல் சண்முகசுந்தரத்தைப் பார்த்த கண்கள் இதை எப்படி ஒப்புக்கொள்ளும்?

எம்.ஜி.ஆருக்கு 1971ஆம் ஆண்டின் விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காகக் கிடைத்தது. அவருடைய ரசிகர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் 'நாடோடி மன்னன்' என்றோ 'எங்க வீட்டுப் பிள்ளை' என்றோதான் சொல்லியிருப்பார்கள். அவையும் நடிகர் விருது பிறப்பதற்கு முன்னால் வந்த படங்களே.

தராசு யார் கையில்?

அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசை ஊகித்துச் சொல்வது அங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. அதற்கு வசதியும் இருக்கிறது. போட்டியில் நிற்பவர்கள் யார் என்று முன்னதாகவே பெயர் வெளியிட்டுவிடுகிறார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆஸ்காருக்கு முன்னால் டைரக்டர்கள் சங்கம், நடிகர்கள் சங்கம் என்று தனித்தனியே பரிசுகள் கொடுக்கிறார்கள். அந்தச் சங்கங்களில் இருக்கிறவர்களில் பலர் ஆஸ்காருக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள். டைரக்டர்கள் சங்கத்தின் பரிசைப் பெற்றவருக்கே பெரும்பாலும் ஆஸ்காரும் கிடைக்கிறது. தேர்தலுக்கு முன் ஊர் ஊராகப் போய் நாடி பிடிப்பது போன்ற காரியம் அது.

டில்லி விருது அப்படிப்பட்டதல்ல. முதலில், தயாரிப்பாளர் படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத படம் எத்தனை உசத்தியானாலும் கணக்கில் வராது. வந்த படங்களைப் பிராந்தியக் குழுக்கள் பார்த்துச் சலிக்கின்றன. இங்கே ஒரு விசேஷம்: தமிழும் மலையாளமும் ஒரே குழுவின் முன்னால் வருகின்றன. தமிழ்ப் படத்தை இந்திப் படத்தோடு ஒப்பிட்டு ஹேஷ்யம் சொல்கிறவர்கள், முதல் வாசற்படியிலேயே நிற்கும் மலையாளப் படத்தை மறந்துவிடுகிறார்கள். சலித்து எடுத்தவற்றை மத்தியக் குழு பார்க்கிறது. கழித்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அதற்கு உரிமை உண்டு. ஒரு பேருந்தின் முன்பாதியில் உட்கார வைத்துவிடக்கூடிய இந்தச் சிலர்தான் முடிவு செய்கிறார்கள். அடுத்த வருஷம் வேறு சிலர். போன வருஷத்து ருசியை வைத்து இந்த வருஷத்துச் சமையலைச் சொல்வது எப்படி?

வருஷக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படம் கொட்டகைக்கு வந்த தேதியை டில்லி பார்ப்பதில்லை. தணிக்கைச் சான்று வாங்கிய தேதியையே பார்க்கிறது. 'ஆடுகளம்' 2011 பொங்கலுக்கு வந்தது. விருது 2010ஆம் ஆண்டுக் கணக்கில். 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வந்தது. விருது 2021 கணக்கில். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பந்தயத்தில் பாதிப் பரோட்டா மிச்சமாகும்.

வைகைக் கரை

நட்சத்திரங்களை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்து ஹேஷ்யம் சொல்லியிருந்தால் மதுரைக்காரர்கள் இதைவிட அதிகமாக ஜெயித்திருப்பார்கள். 2010ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஊர் முழுக்க 'எந்திரன்' பேச்சு. அதற்குக் கலை அமைப்புக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் விருதுகள் வந்தன. ஆனால் மதுரைச் சேவற்கட்டைக் கதையாகக் கொண்ட 'ஆடுகளம்' ஆறு விருதுகளை அள்ளிக்கொண்டு போயிற்று. தனுஷ் சிறந்த நடிகர்களில் ஒருவர். வெற்றிமாறன் சிறந்த டைரக்டர். தேனி மண்ணில் எடுத்த 'தென்மேற்குப் பருவக்காற்று' சிறந்த தமிழ்ப் படம் ஆயிற்று. அதில் தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகைகளில் ஒருவரானார். போடி மலைப்பக்கத்துக் கதையான 'மைனா' தம்பி ராமையாவுக்குத் துணை நடிகர் விருதை வாங்கிக் கொடுத்தது. ஒரே வருஷத்தில் மூன்று படங்கள், எல்லாம் வைகை நீர் பாயும் சீமையையும் அதற்கு மேற்கே தெரியும் மலையையும் சுற்றி.

சோழவந்தானுக்கு இதில் தனி ராசி. 1972ல் சிறந்த தமிழ்ப் படமான 'பட்டிக்காடா பட்டணமா' கதாநாயகன் மூக்கையன் அந்த ஊர்க்காரன். 2020ஆம் ஆண்டில் இந்தியாவின் சிறந்த படமாகத் தேர்வான 'சூரரைப் போற்று' நாயகன் நெடுமாறனும் அந்த ஊர்க்காரனே. வெற்றிலைக் கொடிக்கால் ஊருக்கு விமானக் கம்பெனி நடத்துகிற கதாநாயகன்! சூர்யாவுக்கும் அபர்ணா பாலமுரளிக்கும் அதில் நடிப்பு விருதுகள் கிடைத்தன. இன்னும், 2007ல் 'பருத்திவீரன்' பார்த்துவிட்டு ஜனங்கள் புதுமுகம் கார்த்தியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது விருது பிரியாமணிக்குப் போயிற்று. 2014ல் மதுரைக் குளிர்பானத்தின் பெயரையே வைத்துக்கொண்டு வந்த 'ஜிகர்தண்டா' பாபி சிம்ஹாவைச் சிறந்த துணை நடிகராக்கியது.

இதையும் விதியென்று பிடித்துக்கொள்ளக் கூடாது. 2008ல் 'சுப்ரமணியபுரம்' வந்தபோது, 1980ஆம் ஆண்டு மதுரையைத் தெருவோடு பெயர்த்துத் திரையில் வைத்துவிட்டார்கள் என்று ஊரே பிரமித்தது. சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானதோ 'வாரணம் ஆயிரம்'. 2018ல் 'பரியேறும் பெருமாள்' என்றும் '96' என்றும் கட்சி பிரிந்து வாதாடினார்கள். வந்த பெயர் 'பாரம்'. தென் மாவட்டங்களில் நடந்துவந்த தலைக்கூத்தல் என்னும் கொடுமையைச் சொன்ன அந்தப் படம், விருது அறிவித்த பிறகு 2020 பிப்ரவரியில்தான் கொட்டகைக்கே வந்தது. பார்க்காத படத்துக்கு யார் பந்தயம் கட்டுவார்கள்? 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் 'ஜெய்பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றுக்கும் ஒரு விருதுகூட இல்லை என்று 2023 ஆகஸ்டில் தெரிந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். அந்தக் கூச்சலில் நியாயம் இருந்தது. மூன்றில் ஒன்றுக்குக்கூட எந்தப் பிரிவிலும் இடமில்லை என்பதை நம்புவது கடினம்.

ஆனால் அந்தச் சத்தத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துச் செய்தி ஒன்று அமுங்கிப் போயிற்று. மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப் படம் ஆனது. அதில் மாயாண்டிக் கிழவராக நடித்த நல்லாண்டி, அந்த வட்டாரத்து உண்மையான விவசாயி. அவருக்குச் சிறப்புப் பாராட்டு அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். 2024 பிப்ரவரியில் மணிகண்டனின் உசிலம்பட்டி வீட்டில் திருடர்கள் புகுந்து நகை, பணத்தோடு தேசிய விருதுப் பதக்கங்களையும் கொண்டுபோனார்கள். பிறகு பதக்கங்களை மட்டும் ஒரு பையில் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிட்டு, உங்கள் உழைப்பு உங்களுக்கே என்று மன்னிப்புக் கடிதமும் வைத்துவிட்டுப் போனார்கள். எது யாருக்குச் சேர வேண்டும் என்பதில் திருடர்களுக்குக்கூட ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கிறது. நகையும் பணமும் யாருக்கு என்பதிலும்தான்.

பார்ப்பது எப்போது?

ஹேஷ்யம் தப்பினால் நஷ்டம் ஒரு பரோட்டா. பரிசு பெற்ற படத்தை ஊரார் பார்க்காமலே போவதுதான் பெரிய நஷ்டம். மேலூர்க்காரரான வினோத்ராஜ், படிப்பைப் பாதியில் விட்டு, சென்னையில் குறுந்தகடு விற்கும் கடையில் வேலை பார்த்தவர். பொட்டல் வெயிலில் நடக்கும் ஒரு தகப்பனையும் மகனையும் வைத்து, மேலூர் வட்டாரத்திலேயே 'கூழாங்கல்' எடுத்தார். 2021 பிப்ரவரியில் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் பட விழாவின் முதல் பரிசான புலி விருது அதற்குக் கிடைத்தது. அந்த வருஷமே இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் போயிற்று. ஆஸ்காரின் முதல் சலிப்பில் அது தேறவில்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ராட்டர்டாம் ஜனங்கள் திரையில் பார்த்த மேலூரை மேலூர் ஜனங்கள் திரையில் பார்க்கவில்லை என்பதுதான் கவலை. 2023 அக்டோபரில் படம் நேரே இணையத்துக்குப் போய்விட்டது. நோய்க் காலத்தில் வந்த 'சூரரைப் போற்று' படத்துக்கும் இதே கதிதான்.

மாநில சர்க்காரின் விருதுகளிலாவது நிலைமை மேல் என்று சொல்ல வழியில்லை. 2009 முதல் 2014 வரை ஆறு வருஷ விருதுகளைச் சேர்த்து 2017ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். 2009ல் 'பசங்க' படத்தில் நிக்கர் போட்டு ஓடிய சிறுவர்கள் அதற்குள் வாலிபர்களாகிவிட்டார்கள். 2015ஆம் ஆண்டின் விருதுகள் வந்து சேர்ந்தது 2024 மார்ச்சில்! விருது என்பது படத்தைக் கொட்டகைக்குத் திரும்ப அழைத்துவரும் மணியோசையாக இருக்க வேண்டும். படத்தின் பெயரையே ஜனங்கள் மறந்த பிறகு அடிக்கும் மணி யாருக்கு?

சிறந்த தமிழ்ப் படத்துக்கு டில்லி இப்போது கொடுக்கும் ரொக்கம் 2 லட்சம் ரூபாய். அது ஒரு சின்னப் படத்தின் போஸ்டர் செலவுக்குக் காணாது. அதற்குப் பதில், பரிசு பெற்ற ஒவ்வொரு படத்தையும் அறிவிப்பு வந்த மாதத்திலேயே ஒவ்வொரு ஜில்லாத் தலைநகரிலும் ஒரு கொட்டகையில் ஒரு வாரம் ஓட்ட வேண்டும் என்று சர்க்கார் ஏற்பாடு செய்யலாம். அந்த வாரத்துக்குக் கேளிக்கை வரியை விட்டுக்கொடுக்கலாம். விநியோகஸ்தருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்டலாம். பெரிய படம் வராத வாரங்களில் காலைக் காட்சிக்குப் பாதி நாற்காலிகூட நிரம்பாத கொட்டகைகள் மதுரையில் உண்டு. அவற்றில் ஒன்றில் 'கூழாங்கல்' படத்தைப் போட்டு, மேலூரிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்க ஒரு வாரம் போதும்.