ஒரு பெண்ணுக்காக நின்ற ரயில்



ஜப்பானில் ஹொக்கைடோ என்று ஒரு தீவு. பனி கொட்டும் ஊர். அங்கே கியூ-ஷிராத்தாகி என்று ஒரு குட்டி ரயில் நிலையம் இருந்தது. 'ஷிராத்தாகி' என்றால் வெள்ளை அருவி, 'கியூ' என்றால் பழைய. 1947-ல் தற்காலிக நிறுத்தமாகத் தொடங்கி, 1987-ல்தான் முறையான நிலையம் ஆனது. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுக்கவும் ஆள் கிடையாது. மரத்தால் ஆன சின்ன அறை ஒன்றுதான்.

காலை 7.16-க்கு அங்கே வரும் ரயிலில் ஒரு அக்கா தினமும் பள்ளிக்கூடம் போனார். 2016 மார்ச் 26-ல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். அந்த அக்கா படிப்பு முடித்ததும் அதே மார்ச் மாதம்தான். "ஒரே ஒரு மாணவிக்காக ரயில் நிலையத்தையே வைத்திருந்தார்கள்" என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்த ரயிலில் வேறு மாணவர்களும் போனார்கள். மேலும், ஜப்பானில் பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச், ரயில் கால அட்டவணை மாறுவதும் மார்ச். அதே நாளில் பக்கத்து மேல் ஷிராத்தாகி, கீழ் ஷிராத்தாகி நிலையங்களையும் மூடினார்கள்.

அப்போ இதுல பெருமை ஒண்ணுமில்லையா என்று கேட்கலாம். இருக்கு என்பதே என் கருத்து. மூடினாலும் அந்த அக்கா படிப்பு பாதியில நிக்கலையே!

எங்க ஊரிலும் ஒரு ஹால்ட் இருக்கு. ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு, ஒரு பெயர்ப்பலகை. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. கமிஷனுக்கு ஒரு தாத்தா டிக்கெட் கொடுப்பார். 2020 மார்ச்சில் கொரோனாவால் ரயில் எல்லாம் நின்றது. திரும்ப ஓடியபோது பாசஞ்சர் ரயிலுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம். குறைந்தது 10 ரூபாயாக இருந்தது 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி குறைந்தது. ஆனால் எங்க ஹால்ட்டில் ரயில் இன்னும் நிற்கவில்லை. ஹாரன் அடிச்சிட்டுப் போயிடுது.

எங்க தெரு அக்கா ஒருவர் அப்போது கல்லூரி முதலாம் ஆண்டு. ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தார். முதல் பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. சாயங்காலம் இருட்டிடும். வீட்டில் "போதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மில் வேலைக்குப் போகிறார்.

நம் நாட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை ரயிலில் இலவச சீசன் டிக்கெட் உண்டு. நல்ல சலுகைதான். ஆனால் ரயிலே நிற்காவிட்டால் பாஸை வைத்து என்ன செய்வது? இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இலவச பாஸில் போகிறவர்களால் வசூல் வராது. வசூலை மட்டும் பார்த்து "இங்கே கூட்டமில்லை" என்று முடிவு செய்தால், அந்தக் கணக்கில் நாங்கள் சைபர்.

அதனால் ஒரு நிறுத்தத்தை எடுக்கும் முன் டிக்கெட்டை எண்ணாதீர்கள், பிளாட்பாரத்தில் புத்தகப் பையோடு நிற்பவர்களை எண்ணுங்கள். எடுத்தே ஆகணும் என்றாலும் பரீட்சை முடியும் வரை பொறுங்கள்.

நமக்கு ஜப்பான் மாதிரி புல்லட் ரயில் வேண்டாம். காலையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். கிராமசபையில் இதை மனுவாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என்னோடு கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி