ஏரியைப் பச்சையாக்குவோர் யார்?

ஏரி நீர் பச்சை நிறங் கொண்டு நாற்றமெடுக்கும் போதெல்லாம், "இது இயற்கையின் விளைவு, காரணம் இன்னும் ஆராயப்பட வேண்டும்" என்றொரு குரல் எழுகின்றது. இக்குரலை நாம் நம்புவதற்கில்லை. இதற்கொரு பழைய வரலாறு உண்டு.

1960களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பாசி மூடியது. சலவைத்தூளிலும் நகரக் கழிவிலும் உள்ள பொசுபரசே பாசிக்கு உணவாகின்றது என விஞ்ஞானிகள் கூறினர். சலவைத்தூள் முதலாளிகளோ பழியைக் காபன்மேற் சுமத்தினர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, 1968 முதல் முழு ஏரிகளையே ஆய்வுகூடமாக்கியிருந்தவர்கள் 1973இல் இதற்கு விடையளித்தனர். 226ஆம் இலக்க ஏரியை அதன் ஒடுங்கிய இடையிலே திரையிட்டு இரு கூறாக்கினர். இரு பக்கத்திலும் காபனும் நைதரசனும் இட்டனர். ஒரு பக்கத்தில் மட்டும் பொசுபரசையும் சேர்த்தனர். அந்தப் பக்கமே பச்சையாயிற்று. காபனைப் பாசி காற்றிலிருந்தே பெறவல்லது. நீலப்பச்சைப் பாசிகளிற் சில நைதரசனையும் அவ்வாறே பெறும். பொசுபரசுக்கு அவ்வழி இல்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தை விளங்கிக்கொள்ள எழுத்தறிவுகூட வேண்டியதில்லை!

சலவைத்தூளுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஈரியும் ஓரளவு தேறியது. ஆனால் கழிவைக் குழாய்வழி விடும் ஆலையிடம் அனுமதிப்பத்திரம் கேட்ட 1972ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், வயல்களிலிருந்து மழையோடு வழியும் பசளையைப் பிடிக்கவில்லை. மோமி ஆறு அதனை ஏரியிற் சேர்த்தது. 2014 ஓகஸ்டில் தொலீடோ நகரின் குழாய்நீரில் பாசியின் நஞ்சு கலந்தது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அந்நீரைக் குடிக்கலாகாதெனத் தடுக்கப்பட்டனர். கொதிக்க வைத்தும் பயனில்லை. நீர் வற்ற நஞ்சு செறியும்.

இன்று ஈரியின் பாசியைச் செய்மதி அளக்கின்றது. கோடைதோறும் முன்னறிவித்தல் வெளியாகின்றது. நன்று. ஆயின் பச்சை நிறத்தை அளப்பது வேறு. பசளை எவருடைய நிலத்திலிருந்து எவ்வளவு வந்ததென அளப்பது வேறு. முன்னதை எவரும் எதிர்ப்பதில்லை. பின்னதைக் கேட்டவுடனே, "பண்ணையாளர் தாமாகத் திருந்தட்டும்" என்ற பேச்சு வந்துவிடுகின்றது. சிறு கமக்காரனையா நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம்? ஆயிரக்கணக்கில் விலங்குகளை அடைத்து எருவைக் குவிக்கும் பெரும் பண்ணைகளையே கேட்கின்றோம்.

2012இல் கனடிய மத்திய அரசு, உண்மையை நிலைநாட்டிய அதே ஏரி ஆய்வுகூடத்துக்கு நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. விஞ்ஞானிகளும் மக்களும் போராடியதாலேயே அது 2014 முதல் வேறொரு நிறுவனத்தின் கீழ் உயிர் தப்பியது. ஆராய்ச்சி போதாதென்று ஓயாது முழங்கும் கனவான்கள் அப்போது எங்கிருந்தனர்?