ஐந்தாவது பாகம்

2023-24ஆம் ஆண்டில் ரூ. 2,153 கோடி வழங்கி நாட்டின் கொடையாளர்களுள் முதல்வராயினார் என்று ஹுருன் பட்டியல் அறிவித்த ஷிவ் நாடார், திருச்செந்தூர்ச் சீமையில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, 1976இல் நண்பர்களோடு எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பது பலரும் அறிந்தது. அவர் பயின்ற அக்கல்லூரியே ஒரு குடும்பத்தின் தர்மத்தால் எழுந்தது என்பதையும் இச்சந்தர்ப்பத்தில் நினைவுகூர விரும்புகிறோம். பீளமேட்டு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் 1926இல் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது, அதை ஐந்தாக வகுத்து, நான்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, ஐந்தாவதைத் தர்மத்திற்கென்று எழுதிவைத்தார்கள். அந்த ஸ்தாபனத்தின் கிளையாக 1951இல் தோன்றியதே அக்கல்லூரி.

இராசிபுரத்திலும் சங்ககிரியிலும் காட்டையும் கிணற்றையும் பங்கிட்டு, அரைக்கால் பங்குக்கும் ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பழகிய நம் குடியானவர்களுக்கு இதன் கனம் விளக்காமலே விளங்கும். உபரியிலிருந்து ஆண்டுதோறும் உவந்து கொடுப்பது ஒன்று. ஊராரையும் உடன்பிறந்தவராகப் பாவித்துச் சரிபாகம் எழுதிக்கொடுப்பது மற்றொன்று. விப்ரோவின் அசீம் பிரேம்ஜி, முன்பு கொடுத்ததையும் சேர்த்து அந்நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 67 சதவீதத்தின் பயனை 2019இல் மீட்கவியலாதபடி அறப்பணிக்கு உரிமையாக்கியது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் விதித்திருப்பதோ வெறும் கடமை. அதற்குப் பாராட்டு விழா வேண்டியதில்லை.

ஷிவ் நாடாரின் அறக்கட்டளை 1994இல் தோன்றியது. தந்தையார் பெயரால் காலவாக்கத்தில் அவர் நிறுவிய எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரி, சிரத்தையோடு நடத்தப்படும் ஸ்தாபனம் என்ற கீர்த்தியைப் பெற்றிருக்கிறது. ஆயினும் 2025இல், எச்.சி.எல்.லை ஆளும் குடும்ப நிறுவனங்களில் 47 சதவீதப் பங்குகளை அவர் தம் புதல்விக்குத் தானமாக எழுதிவைத்த செய்தியையும் அந்த 2,153 கோடிக்கு அருகில் வைத்தே படிக்க வேண்டும். மகளுக்குக் கொடுப்பது தந்தையின் பாத்தியதை, அதில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கொடையின் அளவு கோடிகளின் எண்ணிக்கையால் தெரிவதில்லை, மொத்தத்தில் அது எத்தனையாவது பாகம் என்பதால் தெரிகிறது.

ஐசுவரியம் வந்த வழியும் கணக்கில் சேர வேண்டியதே. அமெரிக்காவில் இரும்பால் செல்வந்தரான கார்னெகி 2,500க்கு மேற்பட்ட நூலகங்களைக் கட்டினார். அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையிலோ 1892இல் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூலகம் பெற்ற ஊர்கள் அவரை வாழ்த்தியது நியாயமென்றால், மாண்டவர்களின் குடும்பங்கள் அவரை மன்னியாதிருப்பதும் அதே அளவு நியாயம். ஆத்தூரிலிருந்தும் பரமத்தியிலிருந்தும் சென்னைக்குச் சென்று, அயல்நாட்டுக் கடிகாரத்திற்கேற்ப இரவெல்லாம் கண்விழிக்கும் நம் பிள்ளைகளின் உழைப்பும் இன்றைய மென்பொருட் செல்வத்தில் கலந்திருக்கிறதல்லவா?

ஷிவ் நாடார் அறக்கட்டளையின் காரியங்களுள் எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது, உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களின் ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, உணவும் உறைவிடமும் அளித்து இலவசமாகக் கற்பிக்கும் வித்யாஞான் பள்ளிகளே. பெருங்கட்டணம் பெற்று மதிப்பெண் வாங்கித்தரும் விடுதிப் பள்ளிகளால் பெயரெடுத்த நாமக்கல்லில், கொல்லிமலைக் குழந்தைக்கு அவ்வறக்கட்டளையின் பள்ளி ஒன்று இல்லையே என்று ஏங்குகிறோம். எங்கே கட்டுவது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். பாகம் பெற்றவனுக்கு இருக்கும் கேட்கும் உரிமை, தானம் பெறுபவனுக்கு இல்லை.