காயமடையும் தொழிலாளர்கள்: அந்தமான் மருத்துவர்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?

ஸ்ரீ விஜயபுரம்: கட்டுமானச் சாரத்திலிருந்து விழுந்தவர், மரம் அறுக்கும் இயந்திரத்தில் விரலை இழந்தவர், படகுத்துறையில் சரக்கு சரிந்து கால் முறிந்தவர் என அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வேலையின்போது காயமடையும் தொழிலாளி பெரும்பாலும் முதலில் சந்திப்பது அரசு மருத்துவமனையின் பணி மருத்துவரைத்தான். அந்த மருத்துவர் பதிவேட்டில் எழுதும் சில வரிகள், பின்னாளில் தொழிலாளிக்குக் கிடைக்கும் இழப்பீட்டைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஆனால், அவற்றை எவ்வாறு எழுத வேண்டும் என்பதைக் கற்பிக்கும் கட்டாய ஏற்பாடு நாட்டின் தொடர் மருத்துவக் கல்வி விதிகளில் இல்லை.

இரண்டு காரணங்களால் இந்தக் குறைபாடு இப்போது கூடுதல் கவனத்துக்கு உரியதாகிறது. முதலாவது, 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், அவற்றுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், பணியுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இழப்பீட்டுக்குத் தகுதி பெறும். இரண்டாவது, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற கிரேட் நிக்கோபார் திட்டம். கலத்தியா விரிகுடாத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட இத்திட்டம், பெரிய மருத்துவமனைகளிலிருந்து வெகு தொலைவில் உள்ள தீவுக்குக் கட்டுமானத் தொழிலாளர்களைப் பெரும் எண்ணிக்கையில் கொண்டுசெல்லும்.

ஒரு வரியின் விலை

ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, உடல் உறுப்பு இழப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் வருவாய் ஈட்டும் திறன் எத்தனை விழுக்காடு குறைகிறது என்று நிர்ணயித்துள்ளது. கட்டைவிரலை முழுமையாக இழந்தால் 30, அதன் நுனிக் கணுவை இழந்தால் 20, ஆள்காட்டி விரலை முழுமையாக இழந்தால் 14 விழுக்காடு. ஆள்காட்டி விரலின் ஒரு கணுவை இழந்தால் 9 விழுக்காடு. எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால் 5 விழுக்காடு.

இந்த எண்களைப் பணமாக மாற்றிப் பார்த்தால் மருத்துவர் எழுதும் குறிப்பின் கனம் புலப்படும். பழைய சட்டத்தின்கீழ் 2020 ஜனவரி முதல் இழப்பீட்டுக் கணக்கீட்டுக்கான மாத ஊதிய உச்ச வரம்பு ரூ.15,000. முழுமையான நிரந்தர ஊனத்துக்கு, ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கான காரணி 207.98. எனவே ரூ.15,000 ஊதியம் பெறும் 30 வயதுத் தொழிலாளிக்கு முழு இழப்பீடு ரூ.18,71,820. பகுதி ஊனத்தில் ஒவ்வொரு விழுக்காடும் ஏறத்தாழ ரூ.18,718 பெறும்.

ஆள்காட்டி விரல் நுனியில் எலும்பு போனதா இல்லையா என்ற ஒரே குறிப்பு, 9 விழுக்காட்டுக்கும் 5 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது சுமார் ரூ.75,000-ஐ, முடிவு செய்கிறது. அவசரப் பிரிவில் "விரல் நுனியில் காயம், தையல் போடப்பட்டது" என்று எழுதி முடிக்கும் மருத்துவர் சிகிச்சையில் தவறு எதுவும் செய்யவில்லை. ஆயினும் எக்ஸ்ரே விவரமும் எலும்பின் நிலையும் பதிவாகாத நிலையில், மாதங்கள் கழித்து இழப்பீட்டு ஆணையர் முன் நிற்கும் தொழிலாளியிடம் உரிய சான்று இருக்காது.

அட்டவணையில் இடம்பெறாத காயங்களில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. முதுகெலும்புப் பாதிப்பு, தலைக்காயத்துக்குப் பின் வரும் நினைவுக் குறைவு, நசுங்கிய நரம்பு போன்றவற்றில், தகுதி பெற்ற மருத்துவர் ஒருவரே வருவாய் ஈட்டும் திறன் இழப்பை மதிப்பிட வேண்டும் என்றது அச்சட்டம். அட்டவணையிலுள்ள விழுக்காடுகளைக் கருத்தில் கொண்டே அந்த மதிப்பீடு அமைய வேண்டும் என்றும் கூறியது.

ஊனமும் வருவாய் இழப்பும் ஒன்றல்ல

இங்குதான் குழப்பம் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்கீழ் வழங்கப்படும் ஊனச் சான்றிதழின் விழுக்காடு உடலின் நிலையை அளப்பது. இழப்பீட்டுச் சட்டம் கேட்பதோ, அந்த உடலைக் கொண்டு அந்தத் தொழிலாளி இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால் தொழிலாளியோ முதலாளியோ ஏதேனும் ஒரு தரப்பு நியாயமின்றிப் பாதிக்கப்படும்.

உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டவர் ஒரு தச்சர். ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால், அவருடைய வருவாய் இழப்பு முழுமையானது என்ற ஆணையரின் முடிவை 1975 டிசம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. சாலை விபத்து இழப்பீடு தொடர்பான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் அளித்த தீர்ப்பிலும், கையிழந்த ஓட்டுநருக்கும் அதே கையிழந்த அரசு எழுத்தருக்கும் ஒரே அளவு வருவாய் இழப்பு ஏற்படாது என்று விளக்கியது. அத்தகைய வழக்குகளில் ஊனத்தின் அளவைக் கூறுவது மருத்துவரின் பணி, வருவாய் இழப்பை முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் பணி என்றும் வரையறுத்தது. சிகிச்சை அளிக்காதவர்கள் தாராளமாக வழங்கும் சான்றிதழ்கள் குறித்தும் எச்சரித்தது.

ஆக, ஒரே காயத்துக்கு மூன்று விதமான தாள்கள் தேவைப்படலாம். மூன்றிலும் மருத்துவரின் பங்கு வேறுபடுகிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வருபவருக்கு மருத்துவக் குழு ஒன்று ஊனத்தை மதிப்பிடும். அந்தத் திட்டத்துக்கு வெளியே உள்ள கூலித் தொழிலாளிக்கு, சிகிச்சை அளித்த மருத்துவரின் பதிவே முதன்மைச் சான்று.

கடல் பிரிக்கும் பதிவுகள்

தீவுகளின் புவியியல் இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. வடக்கே திக்லிப்பூர், ரங்கத் ஆகிய இடங்களில் சமுதாய நல மையங்களும், மாயாபந்தர், கார் நிக்கோபார் ஆகிய இடங்களில் மாவட்ட மருத்துவமனைகளும் உள்ளன. மேல்சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான் கதி. கிரேட் நிக்கோபாரின் காம்பெல் பே அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கும் இயலாத சிகிச்சைக்காக நோயாளிகள் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ அனுப்பப்படுகின்றனர்.

இவ்வாறு ஒரு தொழிலாளியின் காயத்தை முதலில் பார்த்தவர் ஒரு தீவிலும், அறுவை சிகிச்சை செய்தவர் பெருநிலப்பரப்பிலும் இருக்கிறார்கள். விபத்து எப்படி நேர்ந்தது என்பது முதல் மருத்துவருக்குத் தெரியும். காயம் எங்கே முடிந்தது என்பது கடைசி மருத்துவருக்குத் தெரியும். இரண்டையும் இணைக்கும் ஆவணம் இல்லையெனில் கோரிக்கை பாதியில் நிற்கும். பழைய சட்டம் கோரிக்கை மனுவுக்கு அளித்த கால அவகாசம் இரண்டு ஆண்டுகள்.

மொழியும் ஒரு தடை. 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழ்ந்த இத்தீவுகளில் தமிழ் பேசுவோர் சுமார் 15 விழுக்காடு. வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரியம் எனப் பல மொழிகள் புழங்குகின்றன. 1918 முதல் காட்டு வேலைக்காக அழைத்துவரப்பட்ட சோட்டாநாக்பூர் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களும் இங்கு உள்ளனர். "வேலையின்போதா, வேறெங்குமா?" என்ற கேள்வி நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்கப்படாவிட்டால், பணி விபத்து வெறும் "கீழே விழுந்த காயம்" என்றே பதிவாகிவிடும்.

கற்றுத்தந்த எலிக்காய்ச்சல்

மருத்துவர்களின் கவனம் எதை மாற்ற முடியும் என்பதற்கு இத்தீவுகளிலேயே முன்னுதாரணம் உண்டு. 1980-களின் இறுதியிலிருந்து மழைக்காலத்தை ஒட்டிப் பரவிய உயிர்க்கொல்லிக் காய்ச்சல் "அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்று அழைக்கப்பட்டது. அது எலிக்காய்ச்சலே என்பதை 1990-களில் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் போர்ட் பிளேர் மையம் பின்னர் இந்நோய்க்கான உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையமாகவும் ஆனது. நோயறிதலுடன் பயிற்சியும் அதன் பணியாக உள்ளது.

தேங்கிய நீரிலும் சேற்றிலும் வேலை செய்பவருக்கு இந்நோய் வந்தால் அது தொழில் சார்ந்ததாகவும் இருக்கக்கூடும். தொற்றுக்கு ஆளாகும் தனி அபாயமுள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்களை இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை தொழில்நோயாக ஏற்றது. ஆனால் நோயாளியின் தொழிலை மருத்துவர் கேட்டு எழுதினால் மட்டுமே அந்த வழி திறக்கும்.

மணிக்கணக்கு உண்டு, பாடம் இல்லை

2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள், ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. அவற்றுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. பழைய விதியில் மணிக்கணக்கு உண்டு. தொழிலாளர் காயம் குறித்த பாடம் கட்டாயமில்லை.

தொழில்சார் உடல்நலத்துக்கெனத் தனிப் படிப்பு இல்லாமல் இல்லை. சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் உள்ளிட்டவை, தொழிற்சாலை மருத்துவர்களுக்காக மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகின்றன. அபாயகரமான தொழிற்சாலைகளின் மருத்துவ அலுவலர்களை மனதில் கொண்ட படிப்பு அது. பெரிய ஆலைகள் அரிதான தீவுகளில், காயமடைந்தோரைக் கவனிப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொது மருத்துவர். மூன்று மாதம் பணியை விட்டுப் பெருநிலப்பரப்பில் தங்குவது அவருக்கு எளிதன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. 2002 முதல் அங்கு தொடங்கப்பட்ட தொழில்சார் உடல்நலக் கல்வி மையங்கள், சாதாரண மருத்துவர்களுக்கே குறுகிய பயிற்சி அளித்தன. விபத்து அறிக்கையை இரண்டு வேலை நாள்களுக்குள் அனுப்புதல், நோயாளி எந்தெந்த வேலைகளைச் செய்யலாம் என்று எழுதித் தருதல், முதலாளியுடன் பேசுதல் ஆகியவை அதன் அடிப்படை. அங்கு சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டுக்குப் பின்னும் வேலைக்குத் திரும்பாதோர் குறைவு என்று ஆய்வு காட்டியது. அங்கு காப்பீட்டை மாநில அரசே பெரும்பாலும் நடத்துவதால் அம்முறையை அப்படியே இங்கு பொருத்த முடியாது. எனினும், பயிற்சியை மருத்துவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுசெல்லலாம் என்ற படிப்பினை பொருந்தும்.

கையில் உள்ள வாய்ப்புகள்

அதற்கான கட்டமைப்பு தீவுகளில் ஓரளவு உருவாகியுள்ளது. 2015-இல் மாணவர் சேர்க்கையைத் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் நிறுவனம், ஜி.பி. பந்த் மருத்துவமனையுடன் இணைந்து இயங்குகிறது. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது செல்கிறது. மருத்துவ நிறுவனத்தின் எலும்பியல், சட்ட மருத்துவம், சமூக மருத்துவத் துறைகள் தொழிலாளர் துறையுடன் சேர்ந்து இணையவழியில் சில மணி நேரப் பாடம் நடத்தி, அதை 30 மணிக் கணக்கில் சேர்த்தால் பெருஞ்செலவு தேவைப்படாது.

அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டியவையும் அதிகமில்லை: தொழிலையும் விபத்து நேர்ந்த விதத்தையும் நோயாளியின் மொழியில் கேட்டுப் பதிதல், அட்டவணையின் சொற்களுக்கு ஏற்பக் காயத்தை விவரித்தல், எந்தச் சட்டத்துக்கு எந்தச் சான்று என்று அறிதல், மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது முழுப் பதிவின் நகலைத் தொழிலாளியிடமே கொடுத்தல்.

ஏற்கனவே பணிச்சுமையில் உள்ள மருத்துவர்கள் இதைக் கூடுதல் எழுத்து வேலையாகக் கருத வாய்ப்புண்டு. நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவோம் என்ற தயக்கமும் இயல்பானதே. ஆனால் முதல் நாளிலேயே தெளிவாக எழுதப்பட்ட பதிவு, விளக்கம் கேட்டு மருத்துவரை மீண்டும் அழைக்கும் தேவையைக் குறைக்கும். பொய்யான கோரிக்கைகளிலிருந்து முதலாளிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும். கிரேட் நிக்கோபாரில் பணிகள் விரிவடைவதற்கு முன்பே இப்பயிற்சி தொடங்குமா என்பது யூனியன் பிரதேச நிர்வாகமும் மருத்துவ நிறுவனமும் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.